வெயில் ஏறினால் பெயின்ட்பால் கன் கெட்டுப்போகிறது: பேரல் மாற்றுவதா, கன்னையே மாற்றுவதா?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் பழைய மரங்களை எடுத்த இடத்தில் நானும் மச்சானும் சின்னதாக ஒரு பெயின்ட்பால் மைதானம் நடத்துகிறோம். சனி, ஞாயிறு என்றால் ஓசூர் கம்பெனி ஆட்கள், பெங்களூரிலிருந்து ஒகேனக்கல் போகிற கோஷ்டிகள், அப்புறம் நம்மூர் காலேஜ் பசங்க வருவார்கள். கன் எல்லாம் டிப்மேன் 98 கஸ்டம், பெங்களூரில் இழுத்து மூடிவிட்ட ஒரு மைதானத்திலிருந்து மொத்தமாக வாங்கியது. 20 அவுன்ஸ் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) டேங்க், மேலே பந்து கொட்டி வைக்கிற சாதா ஹாப்பர், கன்னோடு வந்த 8.5 இன்ச் பேரல்.

பிரச்சினை என்னவென்றால், காலையில் நன்றாகத்தான் சுடுகிறது, பதினொரு மணி தாண்டினால் ஒரு பந்து நேராகப் போகிறது, அடுத்தது வானத்துக்குப் போகிறது, அதற்கடுத்தது பேரலுக்குள்ளேயே உடைந்து பெயின்ட் ஒழுகுகிறது, காசு கொடுத்து விளையாட வந்தவர்கள் பேரல் துடைக்கிற ஸ்க்வீஜீயை விட்டுத் துடைத்துக்கொண்டே நிற்கிறார்கள். மச்சான் எல்லாக் கன்னுக்கும் 14 இன்ச் பேரல் வாங்கலாம் என்கிறான், தூரமும் கூடுமாம். எனக்கு எலக்ட்ரானிக் ட்ரிகர் மேல் ஒரு கண். இல்லை, இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு நாலைந்து புதுக் கன் எடுப்பது நல்லதா? கையில் இருக்கும் பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் வரும்.

ஓசூர்_பிட்டர்

மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். காலையில் நன்றாக இருந்து வெயில் ஏறியதும் கெடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பேரல் காலையில் ஒரு மாதிரியும் மதியம் ஒரு மாதிரியும் இருக்காது. மாறுவது கேஸும் பந்தும்தான்.

சிஓ2 டேங்குக்குள் திரவமாக இருக்கும், அதன் மேலே நிற்கிற ஆவிதான் பந்தைத் தள்ளுகிறது. அந்த ஆவியின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரி தாண்டினால் திரவம், ஆவி என்ற பிரிவே போய்விடும், அதற்கு மேல் எவ்வளவு அடைத்திருக்கிறீர்களோ அதற்கேற்ப அழுத்தம் எகிறிக்கொண்டே போகும். குளிர் நாட்டு ஆட்டக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் சிஓ2 குளிரில் படுத்துவிடுகிறது என்றுதான் புலம்புவார்கள், நமக்கு நேர் எதிர். ஏப்ரல், மே மாதம் கிருஷ்ணகிரி வெயிலில் ஒரு டேங்க் வெட்டவெளியிலும் இன்னொன்று நிழலிலும் இருந்தால் அந்த இரண்டு கன்னும் ஒரே மாதிரி சுடவே சுடாது. 98-இல் அழுத்தத்தைச் சமன்படுத்த தனி ரெகுலேட்டர் கிடையாது, டேங்கில் இருப்பது அப்படியே உள்ளே போகும்.

இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்றும் சேர்ந்து வரும். தொடர்ந்து படபடவென்று சுட்டால் டேங்க் குளிர்ந்து வேகம் இறங்கும். கன்னைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் டேங்கின் பின்புறம் மேலே போகும், அப்போது திரவமே கன்னுக்குள் புகுந்து ஒரு குண்டு மட்டும் பயங்கர வேகத்தில் பாயும், கேஸ் கசியாமல் தடுக்கிற ஓ-ரிங் வளையமும் விறைத்துப்போகும். வானத்துக்குப் போகிறது என்றீர்களே, அதில் பாதி இதுவாக இருக்கும்.

உங்களிடம் பந்தின் வேகத்தை அளக்கிற குரோனோ இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இல்லையென்றால் முதல் செலவு அதுதான். பெரும்பாலான மைதானங்களில் உச்ச வரம்பு வினாடிக்கு 300 அடி, வாடகைக் கன் என்றால் 280-க்குள் வைப்பார்கள். மூன்று கிராம் பந்து 300 அடியில் போனால் 12 ஜூலுக்கு மேல் ஆற்றல், முகக்கவசம் இல்லாத கண்ணில் பட்டால் கண் போய்விடும். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை அதே கன்னைச் சுட்டு அளந்து எழுதுங்கள், பிறகு பேசலாம்.

பெல்லந்தூர்_தர்மபுரியான்

பிட்டர் அண்ணன் சொன்ன கேஸ் கதை சரி. ஆனால் 14 இன்ச் பேரல் தூரத்தைக் கூட்டும் என்ற பேச்சை யாராவது ஒரேயடியாகக் குழிதோண்டிப் புதைத்தால் புண்ணியமாகப் போகும். வேகத்துக்கு வரம்பு வைத்துவிட்டீர்கள். ஒரே எடைப் பந்து, ஒரே வேகம், ஒரே கோணம் என்றால் லட்ச ரூபாய்க் கன்னாக இருந்தாலும் வாடகைக் கன்னாக இருந்தாலும் பந்து ஒரே இடத்தில்தான் விழும். காற்று உராய்வுக்குக் கன்னின் விலை தெரியாது. நீளமான பேரலில் சத்தம் கொஞ்சம் குறையும், நுனிப் பக்கம் துளைகள் இருப்பதால். புதருக்குள்ளிருந்து நீட்டி வைக்கவும் வசதி. அவ்வளவுதான். சொல்லப்போனால் ரொம்ப நீளமாகப் போனால் உராய்வுக்கே கேஸ் கூடுதலாகச் செலவாகும். தூரம் உண்மையிலேயே கூட வேண்டும் என்றால் பந்துக்குப் பின்சுழற்சி கொடுக்கிற பேரல் இருக்கிறது, டிப்மேனுக்கே பிளாட்லைன் என்று வந்தது. அதில் தூரம் கூடும், ஆனால் தூரத்தில் போய் விழுகிற பந்து வேகம் குறைந்து உடையாமல் எகிறிவிடும். அப்புறம் 'பட்டுச்சு, படலை' என்று சண்டைதான்.

எலக்ட்ரானிக் ட்ரிகரைச் சிஓ2-வோடு சேர்த்து யோசிக்கவே வேண்டாம். திரவம் மின்சாரத்தில் திறந்து மூடுகிற சாலனாய்டு வால்வுக்குள் போனால் அன்றோடு அது முடிந்தது. அதுவும் போக, உங்கள் சாதா ஹாப்பர் பந்தைத் தன் எடையில் விழவிடுகிற வகை. ட்ரிகர் வேகமாக அடிக்க, பந்து பாதி இறங்கியிருக்கும்போதே, பந்தை பேரலுக்குள் தள்ளுகிற போல்ட் வந்து வெட்டும். இப்போது உடைவதை விட இரண்டு மடங்கு உடையும்.

புதுக் கன் பற்றி என் கருத்து: வாங்குவதானால் பிளானட் எக்லிப்ஸ் எமெக் மாதிரி மெக்கானிக்கல் ஸ்பூல் வால்வ் கன். பேட்டரி இல்லை, போர்டு இல்லை, உள்ளே 135 பிஎஸ்ஐ (சுமார் 9 பார்) அளவு குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதால் போல்ட் பந்தை மெதுவாகத் தள்ளும், சுடும்போது உதறாது. 98 ப்ளோபேக் கன், அதற்குள் ஒரு கனத்த சுத்தியல் முன்னும் பின்னும் ஓடுகிறது, ஒவ்வொரு குண்டுக்கும் கை ஆடும். ஆனால் எமெக் போன்றவற்றுக்குச் சிஓ2 ஆகாது, அழுத்தக் காற்று டேங்க்தான் வேண்டும். நம்மூரில் அந்தக் காற்றை எங்கே நிரப்புவது என்பதுதான் உண்மையான கேள்வி.

இன்னொன்று, விளையாட்டுக்குச் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும். இந்தக் கன்னெல்லாம் முதலில் அமெரிக்காவில் காட்டு மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்திலிருந்து பெயின்ட் குறி போடச் செய்தவை, நெல்ஸ்பாட் 007 என்று பெயர். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் அதை வைத்து முதல் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, பதுங்கிப் பதுங்கிப் போய் ஆட்டத்துக்காக வைத்திருந்த கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உங்கள் தோப்பு மாதிரி இடத்தில் ஆடுகிறவனுக்கு வினாடிக்கு 15 குண்டு எதற்கு என்று நீங்களே யோசியுங்கள்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்

இருவருக்கும் நன்றி. ராயக்கோட்டைப் பக்கம் ஒருவரிடம் குரோனோ கடன் வாங்கி அளந்தேன். காலையில் ஒரு கன் 260-க்கும் 270-க்கும் நடுவில் நின்றது. அதே கன், திருகாணியைத் தொடவே இல்லை, மதியம் 290, 315, 280, 322 என்று குதிக்கிறது. மச்சான் வாயடைத்துப்போனான். வேகத்தைக் குறைக்கும் திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

காற்று டேங்க் விஷயம். தெரிந்த வெல்டிங் பட்டறையில் நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது, ஆக்சிஜனும் இருக்கிறது. அதிலிருந்து சின்ன டேங்குக்கு இறக்கிக்கொள்ளலாமா? கம்ப்ரசர் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. பஞ்சர் கடை கம்ப்ரசர் ஆகாது என்பது மட்டும் எனக்கே தெரியும்.

சிப்காட்_கேஸ்காரர்

அய்யா, ஆக்சிஜன் என்ற சொல்லை இந்தப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள். கன்னுக்குள் எண்ணெய் இருக்கிறது, ஓ-ரிங்கில் கிரீஸ் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பொறி தேவையே இல்லை, தானாகப் பற்றி வெடிக்கும். பட்டறையில் வேலை செய்கிற பையனிடம் 'ஒரு டேங்க் பிடித்துக் கொடு' என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போகிற கதையெல்லாம் வேண்டாம். சிலிண்டர் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பெயின்ட் உரிந்து கிடக்கும், லேபிளையும் பில்லையும் பாருங்கள்.

நைட்ரஜன் ஆகும். காற்றில் முக்கால் பாகத்துக்கு மேல் அதுதானே. வெளிநாட்டிலும் அழுத்தக் காற்று டேங்க் வந்த ஆரம்பத்தில் நைட்ரஜன்தான் ஓடியது. ஆனால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் கொடுக்கிற பெரிய சிலிண்டர் 47 லிட்டர், 150 பார் சுமார், அதாவது 2200 பிஎஸ்ஐ. உங்கள் சின்ன அலுமினிய டேங்க் 48 கன அங்குலம், 3000 பிஎஸ்ஐ தாங்கும், லிட்டர் கணக்கில் 0.8 கூட வராது. முதல் டேங்கே முழுதாக நிரம்பாது, முக்கால்தான். காலி டேங்க் இருபது நிரப்பினால் பெரிய சிலிண்டர் 107 பார் பக்கம் இறங்கிவிடும், அதற்கப்புறம் ஒவ்வொரு டேங்கும் பாதிக்குப் பாதிதான் ஏறும். டேங்க் ரெகுலேட்டர் வெளியே விடுவது 800, 850 பிஎஸ்ஐ, அதற்குக் கீழே போனால் கன் இழுத்துக்கொண்டு சாகும். அதனால் இரண்டு சிலிண்டர் வைத்து, அழுத்தம் குறைந்ததில் முதலில் பாதி ஏற்றி, நிறைந்ததில் மீதியை ஏற்ற வேண்டும். பள்ளத்தில் இருக்கிற தண்ணீரை முதலில் இறைத்துவிட்டு அப்புறம் ஏரி மதகைத் திறக்கிற கணக்கு. மெதுவாக ஏற்றுங்கள், வேகமாக ஏற்றினால் டேங்க் சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கி நிற்கும். மூடிய அறைக்குள் வேண்டவே வேண்டாம், நைட்ரஜன் கசிந்தால் வாசனையே தெரியாது, ஆள் மயங்கித்தான் தெரியும்.

சட்டப்படி ஒன்று. சிலிண்டரில் கேஸ் நிரப்புவதும் சேர்த்து வைப்பதும் 2016 கேஸ் சிலிண்டர் விதிகளுக்குக் கீழே வருகிறது, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோதான் பார்க்கிறது, சென்னையில் அலுவலகம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டுகிற வியாபாரம் உங்களுடையது, ஏதாவது ஆனால் 'பட்டறைக்காரர் கொடுத்தார்' என்பது பதில் ஆகாது. போய்க் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது உரிமம் உள்ளவரிடம் நிரப்பி வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் பழைய சிஓ2 டேங்குகள். அவற்றின் உடம்பில் சோதனைத் தேதி பொறித்திருக்கும், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் நீர் அழுத்தச் சோதனை செய்யாமல் தொடாதீர்கள். மூடிய மைதானத்திலிருந்து மொத்தமாக வாங்கியது என்றீர்கள், அதுதான் எனக்குப் பயம். டேங்கின் வால்விலும் கழுத்திலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். கன்னிலிருந்து டேங்கைக் கழற்றும்போது வால்வும் டேங்கும் சேர்ந்து சுழல வேண்டும். கோடு இரண்டாகப் பிரிந்தால் வால்வு கன்னிலேயே நின்றுகொண்டு டேங்க் மட்டும் கழன்று வருகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள், ராக்கெட் மாதிரி பாயும். வெளிநாட்டில் இப்படி உயிரே போயிருக்கிறது. நிரப்பும்போது எடை வைத்து நிரப்புங்கள், 20 அவுன்ஸ் என்றால் 567 கிராம். கோடையில் அதையும் நிரப்பாமல் 450, 480 கிராமோடு விட்டுவிடுங்கள். காரின் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டு வராதீர்கள்.

பி.இ.டி_டீச்சர்_தர்மபுரி

நான் கன் மெக்கானிக் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த மாதிரி இடங்களுக்கு வந்து நிற்கிறவள். இந்தப் பேச்சில் யாரும் முகக்கவசம் பற்றி எழுதவில்லை, பிட்டர் சார் மட்டும் ஒரு வரி எழுதினார். உங்கள் பணம் ஒன்றுக்குத்தான் வரும் என்றால் அந்த ஒன்று நல்ல கவசமாக இருக்கட்டும் தம்பி. இரட்டைக் கண்ணாடி உள்ள தெர்மல் லென்ஸ் வாங்குங்கள். ஒற்றைக் கண்ணாடியில் வியர்வை ஆவி படிந்ததும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மைதானத்தின் நடுவில் கவசத்தைத் தூக்கித் துடைப்பார்கள். நாம் எத்தனை தடவை கத்தினாலும் செய்வார்கள். பெட்டியில் ஏஎஸ்டிஎம் எஃப்1776 என்று இருக்கிறதா பாருங்கள், அது பெயின்ட்பாலுக்கான கண் பாதுகாப்புத் தரம். பைக் கண்ணாடி, லேபர் கண்ணாடி எதுவும் ஈடாகாது.

இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு .68 இன்ச் பந்து தேவையா? .50 அளவில் சின்னப் பந்து கன் வருகிறது, எடை பாதிக்கும் குறைவு, அடியும் அந்த அளவுக்குக் குறைவு. தூரம் குறைவுதான், ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை தொடையில் நீலம் பாய்ந்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டினால் அடுத்த திங்கட்கிழமை எனக்குத்தான் போன் வரும்.

பெல்லந்தூர்_தர்மபுரியான்

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. நானே கவசத்துக்குத்தான் கன்னை விட முதலில் செலவு செய்யச் சொல்வேன். .50 பந்தில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம்: இரண்டு அளவுப் பந்தையும் வைத்திருந்தால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாப்பர் மாறிப்போகும். பள்ளிக் குழுவுக்கு என்று தனி நாள், தனிப் பெட்டி என்றால் சரி.

ஓசூர்_பிட்டர்

குரோனோ கணக்கு வந்துவிட்டது, நல்லது. 322 வந்த கன் அன்று மைதானத்துக்குள் போயிருக்கவே கூடாது, இனி மதியத்துக்கு மேல் ஒரு தடவை எல்லாக் கன்னையும் அளக்காமல் ஆட்டம் தொடங்காதீர்கள். 98-இல் வேகத் திருகாணி இடது பக்கம் இருக்கும், ஆலன் கீ போட்டு உள்ளே, அதாவது கடிகாரச் சுற்றில் திருப்பினால் வேகம் குறையும். கால் சுற்று, இரண்டு குண்டு சுட்டு அளந்து, மறுபடி கால் சுற்று. மதிய வெயிலில் 270-க்கு வையுங்கள், காலையில் கொஞ்சம் தொய்வாகச் சுட்டால் சுடட்டும்.

பந்து உடைகிறதே, அது எங்கே உடைகிறது என்று பார்த்தீர்களா? பேரலைக் கழற்றிப் பாருங்கள். பெயின்ட் பேரலில் மட்டும் இருந்து உள்ளே பந்து உட்காரும் இடம் சுத்தமாக இருந்தால் பந்து பருத்திருக்கிறது அல்லது வேகம் எகிறுகிறது. உள்ளேயும் ஹாப்பர் கழுத்திலும் பெயின்ட் அப்பியிருந்தால் போல்ட் வெட்டுகிறது, அதற்கு அந்தச் சின்ன ரப்பர் பால் லாட்ச் தேய்ந்திருக்கும், இரண்டு பந்தை ஒரே சமயத்தில் உள்ளே விடும். கொஞ்சக் காசுக்குக் கிடைக்கிற சாமான், பழைய கன்னில் முதலில் போவது இதுதான். டேங்க் மாட்டும் இடத்தில் 'உஸ்' என்றால் 015 அளவு ஓ-ரிங், யூரித்தேனில் வாங்குங்கள், சாதா கறுப்பு ரப்பர் சிஓ2-வில் ஊதிப்போகும். பேரல் வழியாக 'உஸ்' என்றால் உள்ளே வால்வை அடைக்கிற கப் சீல். எண்ணெய் விடுவதென்றால் பெயின்ட்பால் எண்ணெய் சில சொட்டு, டேங்க் மாட்டும் துளையில் விட்டுச் சும்மா நாலு சுடு சுட்டால் பரவிவிடும். துரு எடுக்கிற ஸ்ப்ரே அடிக்காதீர்கள், நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் அதைத்தான் அடிப்பார்கள்.

பந்தின் தோல் ஜெலட்டின், மாத்திரைக் கேப்ஸ்யூல் மாதிரியே. சூட்டில் மெத்தென்று ஆகும், ஈரத்தில் பருக்கும். அட்டைப்பெட்டி தகரக் கொட்டகையில் கிடந்தால் அடியில் இருக்கிற பந்து தட்டையாகிவிடும், தட்டைப் பந்து எந்தப் பேரலில் போட்டாலும் வளைந்துதான் போகும். வீட்டுக்குள் குளிர்ந்த அறையில் வைத்து பெட்டியை அவ்வப்போது புரட்டிப் போடுங்கள். பிரிட்ஜில் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். காலையில் ஹாப்பரில் கொட்டியதை மதியம் வரை வெயிலில் விடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள்.

இதெல்லாம் செய்து பார்த்த பிறகும் பேரல் ஆசை போகவில்லை என்றால் நீளம் பார்க்காதீர்கள், உள்விட்டம் பாருங்கள். ஒரு பந்தைப் பேரலின் பின்பக்கம் வையுங்கள். தானாக உருண்டு முன்னால் விழுந்தால் பேரல் பெரிசு. வாயால் ஊதினாலும் நகரவில்லை என்றால் சிறிசு. நின்று, லேசாக ஊதினால் 'பக்'கென்று வெளியே வர வேண்டும். புரட்டாசி மழையில் பருத்த பந்துக்கும் சித்திரையில் வந்த பந்துக்கும் ஒரே பேரல் பொருந்தாது, அதனால் இரண்டு விட்டத்தில் இரண்டு பேரல் வாங்கி வைத்தால் போதும், எல்லாக் கன்னுக்கும் வேண்டாம். வாங்கும்போது மரை பார்த்து வாங்குங்கள், 98 மரை வேறு, ஏ-5 மரை வேறு, இப்போது வருகிற பாதிக் கன்களின் ஆட்டோகாக்கர் மரை வேறு.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்

பெட்டிகள் தகரக் கொட்டகையில்தான் இருந்தன, இப்போது உள் அறைக்கு மாற்றியாச்சு. டேங்கெல்லாம் தேதி பார்த்தேன், நாலு டேங்க் தேதி தாண்டியது, ஒதுக்கி வைத்துவிட்டேன். கவசம் புதிதாக எடுக்கிறோம், பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. மீதிக்குக் குரோனோ, பால் லாட்ச், ஓ-ரிங். நைட்ரஜன் விஷயம் பெசோவில் கேட்டுவிட்டுத்தான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. தோப்புக்குப் பக்கத்து வீட்டு நாய்கள் கீழே கிடக்கிற உடையாத பந்துகளைத் தின்கின்றன. இனிப்பாக இருக்கும் போல. ஒன்றும் ஆகாதா?

ஓசூர்_பிட்டர்

ஆகும். மனிதன் நாக்கில் பட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் உள்ளே இருக்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால், கிளிசரின் வகையறா நாயின் குடலுக்குள் உடம்புத் தண்ணீரை இழுத்துவிடும், ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகும். நிறையத் தின்றுவிட்டதென்றால் தடுமாறி நடக்கும், வாந்தி, பேதி. காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், என்ன தின்றது என்று சொல்லுங்கள். சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் காலேஜ் பசங்களுக்கு ஆளுக்கு ஒரு டீ என்று சொல்லி உடையாத பந்துகளைப் பொறுக்க விடுங்கள். பொறுக்கியதை மறுபடி ஹாப்பரில் போட மட்டும் விடாதீர்கள், மண் ஒட்டின பந்து பேரலுக்குள் கோடு போட்டுவிடும்.